கார்டில் கோளாறு இல்லை

ஜூன் 3, செவ்வாய்

சாயங்கால லைவ் நடுவில் கேப்சர் கார்டு போய்விட்டது. டிவியில் கேம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, லேப்டாப்பில் மட்டும் கறுப்பு. என் வீட்டுக்காரர் கிரி கொஞ்சமும் அசரவில்லை. "மக்களே, கரண்ட் பில் கட்டலைன்னு நெனச்சுக்காதீங்க, கட்டியாச்சு" என்று ஆரம்பித்து, வெறும் முகத்தையும் வாயையும் வைத்துக்கொண்டே ரொம்ப நேரம் ஓட்டினார். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் யாரும் கலையவில்லை. எனக்கே சிரிப்புத் தாங்கவில்லை. சத்தம் மைக்கில் விழுந்துவிடப் போகிறதே என்று துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டேன்.

பிறகு கார்டைத் தொட்டுப் பார்த்தால் தோசைக்கல் மாதிரி சுட்டது. கேபிள் மாற்றினேன், வேறு யுஎஸ்பியில் செருகினேன், உயிர் வரவில்லை.

அத்தை எட்டிப் பார்த்தார். "அதென்ன கண்ணு அந்தப் பொட்டி? அதில்லாட்டி ஆட முடியாதா?"

"ஆடலாங்க அத்தை. டிவிக்குப் போற படத்தை இது ஒரு காப்பி எடுத்து லேப்டாப்புக்குக் குடுக்கும். அப்பத்தான் வெளியில இருக்கறவங்க பாக்க முடியும்."

"அப்ப இது இல்லாட்டி உங்களுக்குள்ளயே ஆடிக்கோணும்."

"ஆமாங்க."

"அது என்னத்துக்கு ஆகும்" என்று சொல்லிவிட்டு மாடியில் காயும் வற்றலை எடுக்கப் போய்விட்டார்.

ஜூன் 4, புதன்

புதிய கார்டு தேடுவதிலேயே பகல் போனது. வாசலில் கீரைக்காரி கூப்பிட்டது காதில் விழவில்லை, அத்தை போய் வாங்கினார்.

கிரிக்குப் படம் பளிச்சென்று வேண்டும், பெட்டியில் 4கே என்று போட்டிருக்க வேண்டும், முடிந்தால் கலர் விளக்கு எரிய வேண்டும். எனக்கு இரண்டே விஷயம். கன்சோலிலிருந்து டிவிக்குப் போகிற படம் கார்டு வழியாகத்தான் போகிறது. அது அங்கே கொஞ்சமும் தங்கக் கூடாது. அடுத்தது, ஒரு நொடிக்கு அறுபது ஃப்ரேம் பதிவாக வேண்டும். சண்டை கேமில் அதற்குக் குறைந்தால் ஈட்டி கையில் இருந்ததும் தெரியாது, எதிரி மேல் பாய்ந்ததும் தெரியாது, நடுவில் உள்ளது காணாமல் போய்விடும்.

ஆடுகிறவளுக்கு அதெல்லாம் முக்கியம்.

எழுதிவிட்டேன். இந்த நோட்டை இந்த வீட்டில் யாரும் படிப்பதில்லை. சேனலின் பெயர் 'தனிக்காட்டு கிரி'. அவர் நாற்காலியில் உட்கார்ந்து பேசுவார், கையில் பேட்டரி இல்லாத ஒரு கன்ட்ரோலர் இருக்கும், டிவியைப் பார்த்து அதற்கேற்றபடி விரல்களை ஆட்டுவார். நிஜக் கன்ட்ரோலர் என்னிடம். கட்டிலை ஒட்டித் தரையில் பாய் போட்டிருக்கிறேன், கேமராவுக்குத் தெரியாது.

ஏமாற்ற வேண்டும் என்று ஆரம்பித்ததில்லை. முதல் வீடியோவில் என் குரல்தான் இருந்தது. எங்கள் ஊர் கோபியில் அப்பாவின் பிரவுசிங் சென்டரில் கன்சோல் இருந்தது, காலேஜ் முடியும் வரை கல்லாவில் உட்கார்ந்து, ஆள் வராத நேரமெல்லாம் ஆடிப் பழகிய கை. அந்த வீடியோவுக்கு வந்த கமென்ட்டுகளைப் படித்துவிட்டு இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கிரிதான் அந்த வீடியோவோடு எல்லாவற்றையும் அழித்தார். "நீ ஆடு சுகி, நான் பேசறேன். ஒருத்தனும் உன்னைத் தொட மாட்டான்" என்றார். அவர் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டு அவரை வீட்டுக்கு அனுப்பியிருந்த சமயம் அது. பேச ஆரம்பித்ததும் அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. நானும் என் வேலையை விட்டேன்.

இப்படியே நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூன் 6, வெள்ளி

கோயம்புத்தூர் போய் வந்தோம். காந்திபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடை. கடைக்காரருக்குச் சேனல் தெரிந்திருந்தது. "கிரி சார்!" என்று எழுந்தே நின்றுவிட்டார். அவருடைய பையன் தினமும் பார்க்கிறானாம். செல்ஃபி எடுக்க என்னிடம்தான் போனைக் கொடுத்தார்.

விளக்கு எரிகிற பெட்டியை எடுத்து வைத்தார். நான் கேட்டேன், "இதுல அறுபது ஃப்ரேம் பதிவாகுங்களா?"

அவர் கிரியைப் பார்த்துப் பதில் சொன்னார். "சார், 4கே உள்ள போகும், டிவிக்கும் போகும். பதிவாகறது அதுக்குக் கீழ, முப்பது ஃப்ரேம்."

"போதுமே" என்றார் கிரி.

"போதாதுங்க" என்றேன். "பழைய மாடல் யுஎஸ்பிதான் இதுல இருக்கு. திரும்பவும் சூடாகும்."

கடைக்காரர் மறுபடியும் கிரியிடம், "மேடம் சொல்றது சரிதான் சார், கறுப்பா ஒண்ணு இருக்கு, பாக்கறதுக்கு ஒண்ணுமில்லை, ஆனா வேலை செய்யும்" என்று உள்ளேயிருந்து கொண்டுவந்தார். சோப்புப் பெட்டி அளவு. விளக்கும் இல்லை, ஒன்றும் இல்லை. பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது.

"சரி, உன் இஷ்டம்" என்றார் கிரி. பிறகு கடைக்காரரைப் பார்த்துக் கண்ணடித்து, "வீட்டுல செருப்பு வாங்கறதும் இப்படித்தாங்க" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

படம் கண்ணாடி மாதிரி இருக்கிறது. ஈட்டிக்காரியின் சடையில் ஒவ்வொரு பின்னலும் தெரிகிறது. (நான் எப்போதும் ஆடுவது ஈட்டிக்காரியை வைத்து.)

ஆனால் புதுத் தொல்லை. லைவில் ஒருவன் கேட்டான்: "அண்ணா, அடி முதல்ல விழுது, உங்க கை அப்புறம் அசையுது, எப்படி?" கிரி ஏதோ ஜோக் அடித்துக் கடந்துவிட்டார். ஆனால் பேட்டரி இல்லாத அந்தக் கன்ட்ரோலரில் விரல்கள் நின்றுவிட்டதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

யோசித்ததும் புரிந்துவிட்டது. நான் ஆடுவதைப் பார்த்துத்தான் அவர் கையை ஆட்டுகிறார், அதனால் எப்போதுமே கொஞ்சம் பிந்தும். பழைய கார்டு படத்தையும் பிந்தித்தான் லேப்டாப்புக்குக் கொடுத்தது. இரண்டும் பிந்தியதால் ஒன்றாக இருப்பதுபோல் தெரிந்திருக்கிறது. அந்த மட்டமான கார்டின் குறைதான் இத்தனை நாள் எங்களைக் காப்பாற்றியிருக்கிறது. புதியது ஒளிக்காமல் காட்டுகிறது.

லேப்டாப்பில் கேம் படத்தைக் கொஞ்சம் தாமதமாகக் காட்டும்படி செட்டிங் மாற்றினேன். அவர் கையும் படமும் பொருந்துகிற வரை திரும்பத் திரும்பப் பார்த்தேன். பொருந்திவிட்டது.

"நீ இல்லாட்டி என்னடி பண்ணுவேன்" என்று தலையைத் தடவிவிட்டுப் போனார். நல்ல கார்டை வாங்கி, அதை மட்டமான கார்டு மாதிரி ஆக்கிக் கொடுத்திருக்கிறேன்.

ஜூன் 9, திங்கள்

மாவு புளித்துவிட்டது. வேறு விசேஷம் இல்லை.

ஜூன் 14, சனி

வரும் 22ஆம் தேதி கோயம்புத்தூரில் ஒரு மாலில் கேமிங் விழா. மேடையில் ரோஷன் என்கிற இன்னொரு சேனல்காரரோடு நேருக்கு நேர் ஆட கிரியை அழைத்திருக்கிறார்கள். கேட்ட உடனேயே ஒப்புக்கொண்டுவிட்டார். அதற்குப் பிறகுதான் என்னிடம் சொன்னார்.

"கை சுளுக்கிருச்சுன்னு சொல்லிருங்க" என்றேன்.

"ஏன், என் மேல நம்பிக்கை இல்லையா?"

"இருக்குங்க. ஆனா ஆடோணுமே."

"இத்தனை நாளா பக்கத்துல உக்காந்து பாத்துட்டுத்தானே இருக்கேன்."

சாயங்காலம் அவரிடம் நிஜக் கன்ட்ரோலரைக் கொடுத்து உட்காரவைத்தேன். கம்ப்யூட்டரை எதிரியாக வைத்து, இருப்பதிலேயே சுலபமான நிலையில். தடுக்கிற பொத்தானுக்கும் குதிக்கிற பொத்தானுக்கும் வித்தியாசம் பிடிபடவில்லை. "இப்ப எல்1 பட்டனை அழுத்துங்க" என்றால் குனிந்து கன்ட்ரோலரைப் பார்க்கிறார், நிமிர்வதற்குள் அடி விழுந்துவிடுகிறது. நான்காவது தடவை தோற்றதும் எழுந்துவிட்டார். "மேடையில பேசியே சமாளிச்சுக்கறேன் விடு."

பேசியே சமாளித்துவிடுவார் என்றுதான் நானும் நினைத்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

விழாக்காரர்களே எங்கள் கன்சோலையும் கார்டையும் லேப்டாப்பையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள், நம் சேனலிலும் லைவ் போகட்டும் என்று. மேடைக்குப் பின்னால் எல்லாவற்றையும் நான்தான் இணைத்தேன். ஒலி, படம் இரண்டையும் சரி பார்த்தேன். தாமத செட்டிங்கை எடுத்துவிட்டேன், இன்றைக்கு அவர் கையே ஆடப் போகிறது. அத்தை பட்டுப்புடவையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

கிரி மேடை ஏறியதும் விசில். பேசிய பேச்சில் மாலே குலுங்கியது. அத்தை என் தொடையில் தட்டி, "என்ற பையனப் பாரு" என்றார்.

ஆட்டம் தொடங்கியது. ஈட்டிக்காரியைத் தேர்ந்தெடுத்தார். நான் அதை எதிர்பார்க்கவில்லை.

அவள் அப்படி அடிவாங்கி நான் பார்த்ததே இல்லை. சுவரோடு ஒட்டி நின்று, எதற்கென்றே தெரியாமல் குதித்துக்கொண்டிருந்தாள். முதல் சுற்று, அடுத்த சுற்று, முடிந்தது. ரோஷனே குழம்பிப்போய்க் கிரியைப் பார்த்தார். பின்னாலிருந்து ஒருத்தன், "அண்ணே, இது நீங்கதானா?" என்று கத்தினான்.

கிரி மைக்கை எடுத்தார். சொல்லிவிடப் போகிறாரோ என்று ஒரு கணம் தோன்றியது.

"மக்களே, மன்னிச்சுக்கோங்க. புதுக் கார்டு. டிவிக்கு வர்ற படம் லேட்டாகுது. நான் அடிச்சா நாளைக்குத்தான் விழுது. நம்ம வீட்டம்மா செலக்‌ஷன்! செருப்புக் கடைக்குப் போற மாதிரி போயி கறுப்பா ஒண்ணு எடுத்துட்டு வந்துருச்சு. என்ன பண்றது, கட்டிக்கிட்டமே!"

மால் முழுக்கச் சிரிப்பு. கேமரா முன்வரிசைக்குத் திரும்பியது. பெரிய திரையில் என் முகம். அத்தை என் கையை இடித்து, "சிரி கண்ணு, எல்லாரும் பாக்கறாங்க" என்றார்.

சிரித்தேன்.

ரோஷனும் அதே டிவியைப் பார்த்துத்தான் ஆடினார். அதை ஒருவரும் கேட்கவில்லை.

ஜூன் 23, திங்கள்

திரையில் வந்த என் முகத்தை வெட்டி எடுத்து மீம் போட்டிருக்கிறார்கள். 'பொண்டாட்டி கார்டு' என்பது இப்போது ஒரு பெயராகிவிட்டது. யாராவது ஆட்டத்தில் தோற்றால், "என்ன, பொண்டாட்டி கார்டா?" என்று கேட்கிறார்கள். கேலி என்று பார்த்தால் சிலது நன்றாகவே இருக்கிறது.

அத்தை காலையில் தேங்காய் துருவியபடி சொன்னார்: "பணத்தப் பாக்காம கொஞ்சம் நல்லதா வாங்கியிருக்கலாமில்ல?"

"அத்தை, உங்களுக்கே தெரியுமில்லைங்க, ஆடறது யாருன்னு."

"தெரியாம என்ன. ஆனா அத்தன பேரு முன்னால ஆம்பளைக்கு மானம் போச்சே." துருவியை நிறுத்தாமலே சொன்னார்.

ஜூன் 25, புதன்

அவரிடம் கேட்டேன். சண்டைக்கு இல்லை, கேட்க வேண்டும் போலிருந்தது. "ரோஷனும் அதே டிவிதானுங்களே பாத்தாரு?"

"அந்த நேரத்துக்கு வாயில வந்துச்சு, சொல்லிட்டேன். விடு சுகி. புருஷன் பொண்டாட்டிக்குள்ள கேலி பண்ணிக்கறதில்லையா?"

பிறகு உற்சாகமாகி, வரும் ஞாயிற்றுக்கிழமை ரோஷனோடு ஆன்லைனில் மறு ஆட்டம் என்றார். அறிவிப்பு போட்டாகிவிட்டது. அந்த விளக்கு எரிகிற கார்டின் காலிப் பெட்டியைக் கடைக்காரரிடம் வாங்கி வந்திருக்கிறார். அதை லைவில் காட்டி, கார்டை மாற்றிவிட்டேன் என்று சொல்லப் போகிறாராம். உள்ளே வேலை செய்யப் போவது நான் வாங்கியதேதான்.

"ஜெயிச்சுக் குடுத்துரு. எல்லாம் சரியாயிரும்."

சரி என்றேன்.

ஜூன் 29, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

நாலு மணிக்கு லைவ். இத்தனை பேர் எங்கள் சேனலுக்கு வந்ததே இல்லை. கிரி காலிப் பெட்டியைத் தூக்கிக் காட்டினார். "இனிமே கார்டு செலக்‌ஷன் அண்ணன் கையில." கைதட்டல் பொம்மைகள் கமென்ட்டில் ஓடின.

முதல் சுற்று. ரோஷன் நல்ல ஆட்டக்காரர். ஆனால் வலப்பக்கம் நகர்ந்த பிறகே பாய்வார், அது அவருக்குப் பழக்கம். அதற்காகக் காத்திருந்து ஈட்டியை நீட்டினேன். ஒரு அடிகூட வாங்காமல் முடித்தேன். இவ்வளவு நன்றாக நான் ஆடியதில்லை. நிமிர்ந்து கிரியைப் பார்த்தேன், ஒரு பார்வையாவது பார்ப்பார் என்று.

அவர் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பாத்தீங்களா மக்களே! பொருள் நல்லதா இருந்தா ஆட்டம் தானா வரும். பொண்டாட்டி பேச்சக் கேட்டா மேடையில அடி வாங்கோணும், அவ்வளவுதான்!"

இரண்டாவது சுற்று ஆரம்பித்தது. கன்ட்ரோலரைப் பாயில் வைத்துவிட்டேன். முன்கூட்டி நினைத்ததில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டேன்.

ஈட்டிக்காரி சும்மா நின்றாள். ரோஷன் ஏதோ பொறி என்று நினைத்துக் கிட்டே வரவே தயங்கினார். பிறகு அடித்தார். மறுபடியும் அடித்தார். திரையின் மூலையில் கிரியின் விரல்கள் படபடவென்று ஓடிக்கொண்டிருந்தன, தோளெல்லாம் ஆடியது. வாய் மட்டும் நின்றுவிட்டது. ஓரக்கண்ணால் என்னைப் பார்த்து, "எடு, எடு" என்று உதட்டை அசைத்தார்.

கமென்ட்டில் வந்துவிட்டது: "ஐயோ கார்டு ஹேங்!" "மறுபடியும் பொண்டாட்டி கார்டா?"

கிரி பிடித்துக்கொண்டார். சிரிக்கக்கூடச் சிரித்தார். "மக்களே, எனக்குத் தெரியாம பழைய கார்டையே திரும்ப மாட்டி வெச்சிருச்சு போல..."

பாயிலிருந்து எழுந்தேன். அவர் தோளுக்கு மேலே குனிந்து மைக்கில் சொன்னேன். "கார்டுல ஒரு கோளாறும் இல்லை. ஆடறது நான். எப்பவும் நான்தான் ஆடறேன். இப்பக் கையை எடுத்துட்டேன்."

என் குரல் ஹெட்போனில் எனக்கே திரும்பிக் கேட்டது. ரொம்பச் சின்னதாக இருந்தது.

கிரி லேப்டாப்பை மூடினார்.

ஜூன் 30, திங்கள்

அவர் திட்டவில்லை. நேற்று ராத்திரி முழுக்க மொட்டை மாடியில் இருந்தார். இன்று காலை இறங்கி வந்து, காப்பி கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, போனைக் காட்டினார். நேற்றைய காட்சியைத் தானே வெட்டி ஒட்டிச் சேனலில் போட்டிருக்கிறார். நான் எழுந்து வருவது, பேசுவது, அவர் வாயைப் பிளப்பது. அப்படியே நிறுத்தி, சிரிப்புச் சத்தம் சேர்த்திருக்கிறார். மேலே கொட்டை எழுத்தில்: 'லைவில் மனைவி அடித்த பிராங்க்!'

இதுவரை எடிட்டிங் எல்லாம் நான்தான் செய்வேன். அவருக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது.

"எல்லாரும் நம்பிட்டாங்க" என்றார். "தப்பிச்சோம்."

கமென்ட்டுகள்: "அண்ணி செம நடிப்பு." "ஒரு செகண்ட் நம்பிட்டேன்." "க்யூட் ஜோடி." ஒரே ஒருத்தி மட்டும், "அந்தக்கா முகத்தைப் பாருங்க, அது நடிப்பு மாதிரி இல்லையே" என்று எழுதியிருந்தாள். அவளுக்குக் கீழே இருபது பேர் சிரித்திருந்தார்கள்.

சேனலில் இதுவரை போட்டதிலேயே அதிகம் பேர் பார்த்தது இதுதான்.

ஜூலை 2, புதன்

கோபிக்கு வந்துவிட்டேன். அத்தையிடம் சொல்லிக்கொண்டுதான் வந்தேன். "ரெண்டு நாள் இருந்துட்டு வா" என்று வற்றல் கட்டிக் கொடுத்தார்.

அப்பா பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருந்தார். வண்டியில் போகும்போது சந்தோஷமாகச் சொன்னார்: "வீடியோ பாத்தேன் கண்ணு. நல்லா நடிச்சிருக்கே. நம்ம தெருவே பாத்திருச்சு."

"நடிக்கலைங்கப்பா."

வண்டி கொஞ்ச தூரம் போனது. "அப்படின்னா?"

"அதுல சொன்னது நெசந்தாங்க."

வீட்டு வாசலில் ஸ்டாண்டு போட்ட பிறகு அப்பா, "மாப்பிள்ளைக்குத் தெரியுமா, நீ இங்க வந்தது?" என்றார்.

ஜூலை 4, வெள்ளி

என் பழைய கம்பெனி மேனேஜரம்மாவுக்குப் போன் செய்தேன். இடம் இருக்கிறதாம். என் முகத்தை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறது என்று அங்கே புதிதாகச் சேர்ந்தவர்கள் சொன்னால் என்ன செய்வது என்று யோசித்தேன். யோசித்துவிட்டு, வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

மத்தியானம் அவர் போன் செய்தார். குரலில் அப்படியொரு துள்ளல்.

"சுகி, எல்லாரும் உன்னையத்தான் கேக்கறாங்க. ரெண்டு பேரும் சேந்து ஒரு சேனல் போட்ரலாம். நீ ஆடற மாதிரி, நான் உன்னைய ஓட்டற மாதிரி. ஒரு கம்பெனிக்காரன் பேசிட்டான்."

"ஆடற மாதிரியா?"

"ஆடறது நீதான்டி. ஆனா நெசமாவே நீதான் ஆடறேன்னு தெரிஞ்சா அதுல என்ன ஜாலி இருக்கு? நம்பலாமா வேண்டாமான்னே வெச்சுக்குவோம்."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"அண்ணி பேரு என்ன, பேரு என்னன்னு கமென்ட்டுல ஒரே ரகளை."

"சொல்லிட்டீங்களா?"

"இல்லை. அதை அடுத்த வீடியோவுக்குன்னு வெச்சிருக்கேன். சஸ்பென்ஸ்."

சமையல்கட்டில் அப்பா பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது. இத்தனை நாள் எழுதியும் எனக்கே பிடிபடாதது அப்போது தெளிந்துவிட்டது: என் பெயர்கூட அவருக்கு ஒரு வீடியோதான். கோபம்கூட வரவில்லை.

"எப்ப வர்றே?" என்றார்.

"வரலைங்க."

"அட, சொல்லு."

"இனிமே வரலைங்க. வேலைக்குப் போறேன். உங்களோட ஆட மாட்டேன், இருக்கவும் மாட்டேன்."

அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அழுகிறாரோ என்று நினைத்தேன். பிறகு ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, நிஜமான வருத்தத்தோடு சொன்னார்:

"அடடா... இதை ரெக்கார்ட் பண்ணாம விட்டுட்டனே."

போனை வைத்துவிட்டேன்.